மணியம்மாவும் ஆறு சம்பாத் தோம்பும்

மணியம்மாவின் பெயர் முதன்முதலில் காதில் விழுந்தது ஒலிபெருக்கியில்தான். அதுவும் ஆண்பிள்ளைப் பெயராக. அதுவரைக்கும் அவள் காளிமுத்து பெண்சாதி, அவ்வளவே. எழுபத்தொன்பதாம் வருஷம், ஆகஸ்ட் பள்ளி விடுமுறை. கம்போங் ராஜாவுக்கு மேலே, தேயிலைத் தோட்டத்து மூன்றாம் டிவிசன் பந்துத் திடலில், "என்சிக் மணியம்! என்சிக் மணியம்! புகார் மேசைக்கு வரவும்!" என்று குழாய் கத்திக்கொண்டிருந்தது. என்சிக் என்றால் மலாயில் ஐயா.

டிவிசனில் மணியம் என்று இரண்டு பேர் உண்டு. ஒருவர் மருந்தடிக்கிற மணியம், பழனியப்பன் கங்காணியின் இளைய சம்சாரத்துக்கு உடன்பிறந்த அண்ணன். மற்றவர் கோயில் மணியம், திரிங்காப்பில் பூத்தோட்டம் வைத்திருந்த நல்லுசாமிக்குச் சகலை. இரண்டு பேரும் மேசைக்கு ஓடினார்கள், இரண்டு பேரும் தலையைச் சொறிந்துகொண்டு திரும்பி வந்தார்கள். மூன்றாவதாக, காலையிலேயே மேசையில் அடையாளக் கார்டைக் கொடுத்துவிட்டுக் காத்திருந்த மணியம்மா, முந்தானையை இடுப்பில் இழுத்துச் செருகிக்கொண்டு போனாள். அடையாளக் கார்டு எழுதிய குமாஸ்தாவுக்குக் கட்டத்தில் இடம் போதவில்லையோ, பொறுமை போதவில்லையோ, பெயரின் வாலை வெட்டிவிட்டார். அன்றிலிருந்து சர்க்காருக்கு அவள் மீசை வைத்த ஆள்.

அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. குப்பை லாரி.

நாலாம் லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் மேட்டில் குப்பைக் குழி. குழிக்குக் கீழே ஓடை. அந்த ஓடையில் குழாய் பதித்துத்தான் லயத்துக்குத் தண்ணீர். மழை பிடித்தால் குழி நிறைந்து வழிந்து, மீன்தலையும் அழுகின கோசும் ஓடையில் இறங்கிக் குடிதண்ணீரோடு உறவு கொண்டாடும். அந்த வருஷம் மட்டும் அவள் மகள் ஜெயா இரண்டு தடவை வயிற்றால் போய், தானா ராத்தா ஆஸ்பத்திரியில் கிடந்தாள். எட்டு வயதுப் பிள்ளை, இரண்டாம் தடவை தூக்கி வந்தபோது துணி மூட்டை கனம்கூட இல்லை. "இன்னொரு தடவை இப்படி வந்தா நான் உறுதி சொல்ல முடியாதும்மா" என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். பெருமழை அக்டோபரில். நடுவில் இரண்டு மாசம்.

தோட்டத்துக் கணக்கு எழுதுகிற கிராணியிடம் போய்க் கேட்டாள். "குப்பை அள்றது டவுன் ஆபீஸ் வேலை" என்றார் கிராணி. டவுன் ஆபீஸுக்குப் போனாள். "தோட்டம் துரையோட நிலம்" என்றார்கள். துரையின் காரை மறித்துக் கேட்டாள். துரை சிரித்தபடி கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். மலை துரையுடையது, ரோடு டவுன் ஆபீஸுடையது. குப்பைக்கு மட்டும்தான் அப்பன் பெயர் தெரியவில்லை.

அப்போதுதான் டவுன் ஆபீஸுக்குத் தோட்டத்து ஜனங்களின் மேல் திடீரென்று பாசம் வந்தது. குவாந்தானிலிருந்து ஒரு பெரிய மனிதர் வரப்போகிறாராம். விடுமுறையில் 'மக்கள் சேவை நாள்' நடத்தி, விளையாட்டுப் போட்டி வைத்து, அவர் முன்னால் ஐந்நூறு பேரைக் கைதட்ட வைக்க வேண்டுமாம். கோலா தெர்லா காய்கறித் தோட்டக்காரர்களைக் கூப்பிட்டுப் பார்த்தார்கள். முட்டைக்கோசை விட்டுவிட்டு எவன் வருவான்? தோட்டத்தில் அந்தத் தொல்லை இல்லை. காலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டுக்கு அடிக்கிற மணியை அடித்தால் ஐந்நூறு பேர் வரிசையாக வந்து நிற்பார்கள். வருஷக்கணக்காக அடித்துப் பழக்கியது.

விழாவுக்கு நாலு நாள் முன்னால் டவுன் ஆபீஸ் லாரி முதல் தடவையாக லயத்துக்கு ஏறி வந்தது. குப்பை எடுக்க இல்லை. பீப்பாய் மாதிரி, பளபளவென்று மூடி போட்ட ஆறு தகரத் தோம்புகளை இறக்கி வைத்து, "தோங் சம்பா! ஆறு!" என்று மலாயில் கத்திவிட்டு, டிரைவர் வந்த வேகத்தில் இறங்கிப் போய்விட்டார்.

பெண்கள் சுற்றி நின்று பார்த்தார்கள். தோம்பின் வயிற்றில் கறுப்பு மையில் பெரிய எழுத்து.

"காளிமுத்தண்ணே, என்னமோ எழுதியிருக்கு. வந்து படிங்க" என்றாள் பக்கத்து வீட்டு சாரதா.

காளிமுத்துவின் படிப்பு லாரி நம்பர் பார்த்து வந்த படிப்பு. குனிந்து, விரலால் தடவிப் படித்தார். "எஸ்... ஏ... எம்... சம்... சம்பா. சரிதான், அவன் சொன்னதும் அதுதானே. சம்பா தோம்பு."

"அரிசி போட்டு வைக்கிறதா?"

"பின்ன? சம்பான்னா அரிசிதான்லா. தோம்பு முன்னால வந்திருக்கு, அரிசி பின்னால வரும்."

சம்பா என்று மலாயில் சொன்னால் குப்பை. பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் அத்தனைக்கும் அது தெரியும். பிள்ளைகளை யார் கேட்டார்? மணியம்மா தோம்புகளைச் சாம்பலும் புளியும் போட்டு மூன்று தரம் தேய்த்துக் கவிழ்த்து வைத்தாள்.

விழாவன்று திடலின் குறுக்கே ஒரு துணி கட்டியிருந்தார்கள். 'பெண்டுடுக் தெம்பத்தான்' எல்லோரையும் வரவேற்கிறோம் என்று மலாயில் எழுத்து. கீழே மேசை மேசையாகச் சேவை. ஒரு மேசையில் நாய் லைசென்ஸ், ஒரு மேசையில் பல் பிடுங்குவது, மூலையில் புகார். புகார் மேசையில் கழுத்துப்பட்டை கட்டி உட்கார்ந்திருந்தவர் ராஜநாயகம். தோட்டத்து லாரி டிரைவர் அமல்தாஸின் மூத்த மகன். தாய் ரீட்டா, பேறுகாலத்துக்கு டவுனுக்குப் போக வண்டி கிடைக்காமல் நாலாம் லயம் ஐந்தாம் கதவில்தான் அவரைப் பெற்றாள். மணியம்மாவுக்கு அப்போது பன்னிரண்டு வயது. ஒரு வருஷம் அவள் இடுப்பைவிட்டு இறங்காத பிள்ளை. இதெல்லாம் டவுன் ஆபீஸில் அவர் சொல்லிக்கொள்வதில்லை.

"பேரு?" என்றார் தலை நிமிராமல்.

"மணியம்மா."

"இங்க மணியம்னு இருக்கு. என்சிக்."

"இருக்கட்டும் தம்பி, மீசை முளைச்சதும் வந்து காட்டறேன். நீ அமல்தாசண்ணன் மகன்தானே?"

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்கம்மா. அட்ரஸ்?"

"நாலாம் லயம் ஏழாம் கதவு. உனக்குத் தெரியாதாக்கும்."

"ரோட்டுப் பேரு?"

"ரோடு ஏது? தேயிலைக்கு நடுவுல ஏறி வந்தா லயம்."

"ரோட்டுப் பேரு இல்லாம லாரி அனுப்ப முடியாது. லாரி பெண்டுடுக் தெம்பத்தானுக்கு மட்டும்தான்."

"பெண்டுன்னா நாங்க. அத்தான் யாரு?"

வரிசையில் நின்றவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். ராஜநாயகம் சிவந்து போனார்.

"தெம்பத்தான்மா, தெம்பத்தான்! உள்ளூர்க்காரங்கன்னு அர்த்தம்."

"நான் எங்க வகையறாவுல தேடிப் பார்த்தேன் தம்பி. எனக்கு மூணு அத்தான். ஒருத்தர் ரிங்லெட்டுல, ஒருத்தர் ஈப்போவுல, ஒருத்தர் செத்துட்டாரு. சரி, உள்ளூர்னா நாங்க இல்லையா?"

"நீங்க தோட்டத்து ஆளுங்க. அது வேற."

மணியம்மா தலைக்கு மேலே கையைக் காட்டினாள். "அப்ப இந்தத் துணியில யாரை வா வான்னு கூப்பிட்டிருக்கு?"

"அது... ஃபங்ஷனுக்கு."

"கைதட்ட உள்ளூரு, குப்பைக்கு வெளியூரா?"

ராஜநாயகம் புகார்க் காகிதத்தைத் தன் பக்கம் இழுத்தார். 'ஏற்க இயலாது' என்று சிவப்பு முத்திரை குத்தி, அடுத்த ஆளைக் கூப்பிட்டார். அந்த வெறுப்பில் மணியம்மா பக்கத்து மேசைக்குப் போய் வீட்டுக் கறுப்பு நாய்க்கு லைசென்ஸ் எடுத்தாள். அங்கே ரோட்டுப் பெயர் கேட்கவில்லை. 'உள்ளூர்' என்று பொறித்த தகர வில்லை ஒன்று கொடுத்தார்கள். ஏழாம் கதவில் அன்று உள்ளூர் ஆனது நாய் மட்டும்தான்.

பெரிய மனிதர் பதினோரு மணிக்கு வந்தார். கயிறு இழுக்கும் போட்டியில் அவர் பக்கம் எட்டு ஆபீஸ்காரர்கள், எதிர்ப்பக்கம் எட்டுக் கொழுந்து பறிக்கிற பெண்கள். "தோத்துப் போகணும், தெரியுதா?" என்று வேலை வாங்குகிற மண்டோர் காலையிலேயே சொல்லி வைத்திருந்தார். கூடை சுமந்த முதுகுகள் தோற்பதற்குப் பட்ட பாடு கொஞ்சமில்லை. ஆபீஸ்காரர்கள் வழுக்கி விழ விழ, பெண்கள் கயிற்றைத் தளர்த்திக் கொடுத்து எப்படியோ அவர்களை ஜெயிக்க வைத்தார்கள்.

பிறகு சாப்பாடு. லயத்து அண்டாக்கள் போதவில்லை. சும்மா கிடந்த சம்பாத் தோம்புகள் வந்தன. இரண்டில் தேத்தண்ணி, இரண்டில் கடலைச் சுண்டல், ஒன்றில் ரோஸ் சர்பத், ஒன்றில் புளிச்சோறு. தகரம் வெறுமையாகத் தெரிகிறதே என்று சாரதா ஒவ்வொன்றின் வயிற்றிலும் செவ்வந்தி மாலை சுற்றியிருந்தாள். பெரிய மனிதர் சுண்டலைத் தின்றார், தேத்தண்ணியைக் குடித்தார், இவ்வளவு ருசியான தேத்தண்ணியைக் குவாந்தானில் கண்டதில்லை என்றார்.

ராஜநாயகமும் ஒரு கோப்பை நீட்டினார். மணியம்மா மொண்டு ஊற்றும்போது மாலை கொஞ்சம் விலகியது. முதல் மூன்று எழுத்துத் தெரிந்தது. அவர் கோப்பை கையிலேயே நின்றுவிட்டது.

"மணியம்மாக்கா... இது என்ன?"

காலையில் அம்மா, இப்போது அக்கா. மணியம்மா கவனித்துக்கொண்டாள்.

"சம்பா தோம்பு. நீங்க குடுத்ததுதானே."

"ஐயோ அக்கா! சம்பான்னா குப்பை! இது குப்பைத் தொட்டி!"

மணியம்மா கையிலிருந்த அகப்பையை மோந்து பார்த்தாள். அவளும் இரண்டு கோப்பை குடித்திருந்தாள். பிறகு, மூன்று தரம் தேய்த்தது நினைவுக்கு வந்தது. பிறகு வேறொன்று நினைவுக்கு வந்தது.

"குப்பை எடுக்க லாரி வராத ஊருல குப்பைத் தொட்டி எதுக்குடா தம்பி? சும்மா கிடந்துச்சு, சுண்டல் போட்டோம்."

"மெதுவாக்கா, மெதுவா! அவரு ரெண்டாவது கோப்பை குடிச்சிட்டிருக்காரு."

"மூணாவது. நான்தான் ஊத்தினேன்."

"அவருக்குத் தெரிஞ்சா என் வேலை போயிடும்க்கா."

"ஜெயாவுக்கு மூணாந்தடவை வந்தா என் புள்ள போயிடும்."

ராஜநாயகம் மாலையை இழுத்து எழுத்தை மூடினார். அந்த நேரம் பார்த்துப் பெரிய மனிதர் கோப்பையோடு வந்துவிட்டார். பூச்சுற்றிய பாத்திரம் அழகாக இருக்கிறதே, தோட்டத்து வேலைப்பாடா என்று கேட்டு, மாலையைத் தூக்கிப் பார்க்கக் கையை நீட்டினார். மணியம்மா சட்டென்று நடுவில் வந்து, அகப்பையோடு குனிந்து கும்பிட்டு, நாலாவது கோப்பையை ஊற்றினாள். அவர் நெகிழ்ந்து போனார். முகத்தை அவர் பக்கம் சிரித்தபடி வைத்துக்கொண்டு, வாயை மட்டும் இந்தப் பக்கம் திருப்பினாள்.

"போ. மைக்குல சொல்லு. இப்பவே சொல்லு. இல்ல, மாலை வாடிப் போச்சுன்னு கழட்டிடுவேன்."

ராஜநாயகம் ஓடினார். நம் மதிப்புக்குரிய விருந்தினரின் வருகையை முன்னிட்டு, நாலாம் லயத்து உள்ளூர் மக்களுக்கு வருகிற செவ்வாய்க்கிழமை முதல் வாராவாரம் குப்பை லாரி வரும் என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார். மூச்சு வாங்கியது. அதுவரை கேள்விப்படாத தன் நன்கொடையைக் கேட்டுப் பெரிய மனிதர் தாமே முதலில் கைதட்டினார். ஐந்நூறு பேரும் தட்டினார்கள். அன்று மனசறிந்து தட்டியது அந்த ஒரு தடவைதான். அவர் தட்டியபின் அதை யார் திருப்பி எடுப்பது?

செவ்வாய்க்கிழமை லாரி வந்தது. லயத்து முனையில் ஐந்து தோம்புகள் குப்பையோடு நின்றன. ஆறாவதை மணியம்மா அரிசிக்கு வைத்துக்கொண்டாள். எழுதியதை எழுதியபடி நடத்துகிற வீடு ஒன்றாவது இருக்க வேண்டும் என்றாள். செப்டம்பர் முடிவதற்குள் காளிமுத்துவும் நாலு ஆண்களும் பழைய குழியை மண்போட்டு மூடினார்கள். அக்டோபரில் மழை கொட்டியது. ஓடையில் இலை வந்தது, கலங்கல் வந்தது, மீன்தலை வரவில்லை. ஜெயா பள்ளிக்கூடம் போனாள்.

லாரி டிரைவரின் புத்தகத்தில் எழுத ஒரு ரோட்டுப் பெயர் வேண்டியிருந்தது. ராஜநாயகம், புகார் கொடுத்தவர் பெயரையே போட்டு 'ஜாலான் மணியம்' என்று எழுதிவிட்டார். ஆறு மாசத்தில் பலகையும் வந்தது. யார் அந்த மணியம் என்று கேட்பவர்களிடம் மருந்தடிக்கிற மணியம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்பார். கோயில் மணியம் இல்லை, நான்தான் என்பார். டவுன் ஆபீஸ் தானாகவே ஏட்டில் ஒரு சுத்தக் கமிட்டியை எழுதிக்கொண்டு, வருஷா வருஷம் அதன் தலைவர் என்சிக் மணியத்துக்கு ஆண்கள் கட்டும் கைலி ஒன்று அனுப்பியது. காளிமுத்து கட்டிக் கிழித்தது மொத்தம் ஏழு. ராஜநாயகம் எண்பத்து மூன்றில் பதவி உயர்ந்து குவாந்தானுக்கு மாற்றலாகிப் போனார். போகிற அன்று நாலாம் லயத்துக்கு வந்து மணியம்மாவிடம் சொல்லிக்கொண்டார். தேத்தண்ணி கொடுத்தாள். எதிலிருந்து ஊற்றுகிறாள் என்று எட்டிப் பார்த்துவிட்டுத்தான் குடித்தார்.

காளிமுத்து எண்பத்தாறில் தவறிப்போனார். மணியம்மா இப்போது கோலா தெர்லாவில், ஜெயாவின் வீட்டில் இருக்கிறாள்.