கார்புரேட்டருக்கு வைத்த சந்தனம்

மாம்பழச்சாலை சிக்னலில் சிவப்பு விழுந்தாலே எனக்குப் பயம் பிடித்துக்கொள்ளும். அந்த ஐப்பசி முழுக்க அப்படித்தான் இருந்தது. வண்டி ஓடிக்கொண்டிருக்கும்வரை ஒன்றும் தெரியாது. ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் எங்கள் பழைய அம்பாசிடர் குளிர்ஜுரம் வந்த மாதிரி நடுங்க ஆரம்பிக்கும். ஸ்டியரிங், கண்ணாடி, பின்சீட்டில் சாய்ந்திருக்கும் என் மனைவி, எல்லாம் சேர்ந்து ஆடும். பிறகு இருமி இருமி என்ஜின் நின்றுபோகும். பின்னால் நிற்கும் பஸ்காரர் ஹாரனிலிருந்து கையையே எடுக்க மாட்டார்.

அவளுக்கு டயாலிசிஸ். வாரத்தில் மூன்று நாள் ஸ்ரீரங்கத்திலிருந்து காவிரிப் பாலத்தைத் தாண்டி தில்லைநகர் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஒருமுறை ஆட்டோவில் கூட்டிப்போனேன். திரும்பும்போது பாலம் நெடுக தூக்கித் தூக்கிப் போட்டதில் வழியிலேயே வாந்தி எடுத்துவிட்டாள். போனில் கூப்பிட்டால் வருகிற டாக்ஸிகளில் சீட்டு தாழ்வு. அதிலிருந்து முழங்காலை ஊன்றி எழுந்திருக்க அவளால் முடியாது. அம்பாசிடரின் பின்சீட்டில்தான் கால் நீட்டி, தலையணை வைத்துச் சாய்ந்து வருவாள். அவளைப் பொறுத்தவரை ஆஸ்பத்திரி என்றால் அந்தக் கார்தான்.

அது ஒரு நாள் சாயங்காலம் நடுப்பாலத்தில் நின்றுவிட்டது. தூறல் வேறு. பைக்கை ஓரம்கட்டிவிட்டு வந்தவர்கள் தள்ளினார்கள். அவள் தலையைக் குனிந்தபடி உள்ளே உட்கார்ந்திருந்தாள். வீட்டுக்கு வந்து காபியைக் கையில் கொடுத்ததும் சொன்னாள்.

"இன்னொரு தடவை இப்படி நடுவழியில நின்னுச்சுன்னா நான் போறதையே நிறுத்திடுவேன். எனக்கும் அலுத்துப்போச்சுங்க."

கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். அவள் பால்காரரை நாளைக்கு வரவேண்டாம் என்று சொல்கிற குரலில் சொன்னாள். எனக்குப் பயமாக இருந்தது. அதைவிட மோசம், ஒரு நொடி அது எனக்கும் நிம்மதியாகப் பட்டது. காலையில் எழுந்து பையை எடுத்து வைக்க வேண்டாம், பாலத்தைப் பார்க்க வேண்டாம். அப்படி நினைத்ததற்காக இன்றைக்கும் என்மேல் எனக்கு எரிச்சல்தான்.

மறுநாளிலிருந்து மெக்கானிக் ஷாப்புகளுக்கு அலைய ஆரம்பித்தேன். பாலக்கரையில் ஒருவர் பிளக்கெல்லாம் மாற்றினார். இரண்டு நாள் நன்றாக இருந்தது போல் எனக்குத் தோன்றியது. தோன்றியது, அவ்வளவுதான். இன்னொருவர் கார்புரேட்டரைக் கழற்றி, பெட்ரோலில் ஊறவைத்துக் கழுவி மாட்டினார். வேறொருவர் ஐடிலிங் ஸ்க்ரூவைத் திருகி, சும்மா நிற்கும்போது என்ஜின் ஓடும் வேகத்தைக் கூட்டிவைத்தார். அதன்பிறகு என்ஜின் அணையவில்லை. ஆனால் சிக்னலில் நிற்கும்போதே உறுமிற்று, நடுக்கமும் போகவில்லை. அவள் பின்னாலிருந்து, "எதுக்குங்க சும்மா நிக்கும்போது இது இவ்வளவு கத்துது?" என்று கேட்டாள். திரும்பப் போய் ஸ்க்ரூவை இறக்கச் சொன்னேன். பழைய கதைதான்.

கடைசியாகப் பார்த்தவர், "என்ஜினையே கழட்டி எறக்கணும் சார்" என்றார்.

"எத்தனை நாள் ஆகும்?"

"சாமான் கெடைக்கறதைப் பொறுத்து. ரெண்டு வாரம் வச்சுக்கங்க."

இரண்டு வாரம் அவள் எதில் போவாள்? யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். எல்லோரிடமும் நான் ஒரு விஷயத்தைப் பெருமையாகச் சொல்லியிருந்தேன். ஆயுத பூஜைக்குத்தான் வாட்டர் சர்வீஸ் விட்டேன், என்ஜினைக்கூட பளபளவென்று கழுவிக் கொடுத்தார்கள், தூசி தும்பு ஒன்றும் கிடையாது என்று. வருஷாவருஷம் வண்டிக்குப் பூஜை போடுவது அவள் வேலை. இந்த வருஷம் அவள் ஆஸ்பத்திரியில் அட்மிட் ஆகியிருந்ததால் நானே போட்டேன். கண்ணாடியில் சந்தனப் பட்டை, பானெட்டில் ஒரு பொட்டு, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம். முடிந்தது பூஜை.

அடுத்த டயாலிசிஸ் நாள். வீட்டு வாசலில் வண்டியைக் கிளப்பி, பானெட்டைத் தூக்கிவைத்துப் பார்த்துக்கொண்டு நின்றேன். என்ஜின் அதன் பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது. நிறுத்தினால் திரும்பக் கிளம்புமோ கிளம்பாதோ என்று அணைக்கவில்லை. அவள் கேட்டைப் பிடித்துக்கொண்டு மெதுவாக வந்து எட்டிப் பார்த்தாள்.

"என்ன இப்படி மொட்டையா இருக்கு? என் பொட்டெல்லாம் எங்க?"

"சர்வீஸ்ல கழுவிட்டாங்க."

"உள்ள கழுவாதீங்கன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன். நீங்களாவது திரும்ப வச்சீங்களா?"

"மேல வச்சேன்ல."

"மேல வச்சா போதுமா? ஓடுறது உள்ள இருக்கறதுதானே."

நேரமாகிறது என்றேன். அவள் காதில் வாங்கவில்லை. உள்ளே போய் ஒரு கிண்ணத்தில் சந்தனத்தைக் குழைத்து எடுத்துவந்தாள். பேட்டரிக்கு ஒன்று, ஏர் ஃபில்டருக்கு ஒன்று. ஃபேன் பக்கம் போகாதே என்று நான் கத்தினேன். அவள் இந்தப் பக்கமாக வந்து குனிந்து, கார்புரேட்டர் என்ஜினோடு சேர்கிற இடத்தில் ஒரு விரல் நிறைய எடுத்து அப்பினாள்.

நடுக்கம் நின்றது.

முதலில் என்ஜினே நின்றுவிட்டது என்று நினைத்தேன். இல்லை, ஓடிக்கொண்டிருந்தது. தையல் மெஷின் போல ஒரே சீராக. நான் விரலால் அந்தச் சந்தனத்தை வழித்தெடுத்தேன். உடனே பழைய ஆட்டம் ஆரம்பித்தது.

"வச்ச பொட்டை யாராவது அழிப்பாங்களா?" என்று என் கையைத் தட்டிவிட்டு மறுபடி அப்பினாள். மறுபடி அடங்கிற்று.

அந்த இணைப்பில் ஒரு விரிசல் இருந்திருக்கிறது. அது வழியாக வெளிக்காற்று புகுந்ததில்தான் பெட்ரோல் போதாமல் என்ஜின் நடுங்கியிருக்கிறது. விரிசல் விட்டு எத்தனை வருஷமோ தெரியாது. அவள் வருஷாவருஷம் அப்பிய சந்தனம் எண்ணெயோடும் தூசியோடும் கெட்டிப்பட்டு அதை அடைத்து வைத்திருந்தது. நான் காசு கொடுத்துச் சுத்தம் செய்தேன்.

"அங்க ஏன் அவ்வளவு வைக்கற?" என்று கேட்டேன்.

"நீங்கதானே சொன்னீங்க, பெட்ரோல் அது வழியாத்தான் உள்ள போகுதுன்னு. சாப்பாடு போற எடம்னு கொஞ்சம் கூட வைப்பேன்."

நான் அப்படிச் சொன்னது எனக்கு ஞாபகமே இல்லை. அன்றைக்குச் சந்தனத்தோடுதான் பாலத்தைத் தாண்டினோம். ஒரு லாரி பழுதாகி நின்றதால் நெரிசலில் வெகுநேரம் ஊர்ந்தோம். வண்டி நடுங்காமல், அணையாமல் நின்று நின்று நகர்ந்தது. நான் ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்து அழுதுவிடுவேன் போலிருந்தது, அவ்வளவு அசதி.

அவளை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு நேராகப் பாலக்கரைக்குப் போனேன். பிளக் மாற்றிய மெக்கானிக் அந்த இடத்தைக் கழற்றிப் பார்த்துச் சிரித்தார். காற்று கசியாமலிருக்க புது பேக்கிங்கும், விரிசல் விட்டிருந்த அடிப்பாகத்துக்குப் பதிலாக வேறொன்றும் போட்டு முடுக்கினார். அவளைக் கூட்டிவரும் நேரத்துக்குள் வேலை முடிந்துவிட்டது.

திரும்பும்போது மாம்பழச்சாலையில் சிவப்பு. என்ஜின் ஓடுகிறதா என்றுகூடச் சந்தேகம் வந்தது, அவ்வளவு அமைதி. அவள் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தாள். தூங்குகிறாள் என்று நினைத்தேன்.

"சரியாப் பண்ணிட்டாங்களா?"

"புதுசே போட்டாச்சு."

தலையணையை இழுத்துச் சரிசெய்துகொண்டாள். பிறகு கேட்டாள். "அப்ப இனிமே நான் பொட்டு வைக்கலன்னாலும் ஓடும்ல?"

கண்ணாடியில் பார்த்தேன். கண்ணைத் திறக்கவில்லை. அவள் வண்டியைப் பற்றிக் கேட்கவில்லை என்று எனக்குத் தெரிந்தது.

"ஓடாது" என்றேன். "வருஷாவருஷம் நீ வச்சாத்தான் ஓடும்."

நான் சொல்வது பொய் என்று அவளுக்குத் தெரியும். அவ்வளவு வருஷம் என்னோடு இருந்திருக்கிறாள். பச்சை விழுந்தது. கியரைப் போட்டு, ஸ்ரீரங்கம் பக்கம் வண்டி நகர்ந்த பிறகுதான் பின்னாலிருந்து குரல் வந்தது.

"சந்தனப் பொடி தீந்துபோச்சு. மார்க்கெட் பக்கம் போனா பெரிய டப்பாவா வாங்கிட்டு வந்துடுங்க."