கேரவன் வால் ஆடினால்: அஜ்மானிலிருந்து ஃபுஜைரா வரை, இனி அல் கோபார் வரை

டிசம்பர் தொடக்கத்தில் கிடைத்த மூன்று நாள் விடுமுறையில் நாங்கள் நான்கு பேர் அமீரகத்தின் அஜ்மானிலிருந்து ஃபுஜைரா கடற்கரைக்குப் போய்வந்தோம். அப்பா, அம்மா, பத்தாம் வகுப்பு படிக்கும் நான், தம்பி கவின். வேலை முடிந்து நாடு திரும்பிய ஒருவரிடம் அப்பா பழைய கேரவன் ஒன்றை வாங்கியிருந்தார். அதை எங்கள் பிக்கப்பில் மாட்டி இழுத்துச் சென்ற முதல் பயணம் இது. இந்தச் சனிக்கிழமை அதே கேரவனோடு சவூதியின் அல் கோபாரில் இருக்கும் சித்தப்பா வீட்டுக்குக் கிளம்புகிறோம். ஏறக்குறைய 950 கிலோமீட்டர். இப்படி ஒரு பயணம் போக நினைப்பவர்களுக்காகத்தான் எழுதுகிறேன். நடந்ததை வெளியே சொல்லக் கூடாது என்று அப்பா சொல்லியிருக்கிறார். அதனால் என் பெயரைப் போடவில்லை, வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு தட்டச்சு செய்கிறேன்.

கிளம்பும் முன் சாமான் அடுக்கிய கதையைச் சொல்ல வேண்டும். அம்மாவுக்குக் கார்த்திகை மாத விரதம். எங்கள் மூவருக்கும் பார்பெக்யூ இல்லாமல் கடற்கரையே கிடையாது. கோழியும் ஆட்டுக்கறியும் இருந்த ஐஸ் பெட்டியை அப்பா பிக்கப்பின் தொட்டியில் வைத்தார். அம்மா தன் சமையல் சாமான்களை அதற்கு எட்டாத தூரத்தில், கேரவனின் கடைசி மூலையில் அடுக்கினார். கிரைண்டர், அரிசி, குக்கர், மாவு வாளி, அவற்றோடு இருபது லிட்டர் தண்ணீர் கேன்கள் நான்கு.

“கறிக்குக் கால் முளைச்சு உன் சாம்பாருக்குள்ள குதிச்சிருமா?” என்றார் அப்பா.

“உங்க கறி குதிக்காதுங்க, நீங்க குதிப்பீங்க. கரண்டியை மாத்திப் போடுற ஆளு” என்றார் அம்மா.

எல்லோரும் சிரித்தோம். இந்த நாட்டில் கேரவன் வைத்திருக்கும் தமிழ்க் குடும்பங்கள் பலவும் இப்படித்தான் அடுக்கும் என்று நினைக்கிறேன்.

காலை 7.10க்குக் கிளம்பினோம். ஃபுஜைரா சுமார் 120 கிலோமீட்டர். மலீஹாவில் நிறுத்திக் கடக் சாய் என்னும் கெட்டித் தேநீர் குடித்தோம், ஒரு கோப்பை இரண்டு திர்ஹம். அதுவரை கேரவன் பின்னால் வருவதே தெரியவில்லை. அதற்குப் பிறகு சாலை மலைக்குள் போகிறது. காட்சி மிக அழகு, பழுப்பு மலைகளும் சுரங்கப் பாதைகளும் அடுத்தடுத்து வரும். ஆனால் கடலை நோக்கி நீண்ட இறக்கம். அப்பா நூறில் போய்க்கொண்டிருந்தார்.

ஒரு பெரிய லாரி எங்களைத் தாண்டியது. அது கடந்துபோன காற்றில் கேரவனின் பின்புறம் மெல்ல இடதுபக்கம் போனது. பிறகு வலது. பிறகு இன்னும் அதிகமாக இடது. கவின் முதலில், “டேய், டான்ஸ் ஆடுது!” என்று கத்தினான். அடுத்த ஆட்டத்தில் எங்கள் பிக்கப்பின் பின்பக்கமே பக்கவாட்டில் இழுபட்டது. அப்பா பிரேக்கை அழுத்தினார். ஆட்டம் குறையவில்லை, கூடியது. ஜன்னலுக்கு வெளியே கேரவனின் வெள்ளைச் சுவர் எனக்குப் பக்கத்தில் வந்துவிட்டுப் போனது. அம்மா சாமி பெயரைக்கூடச் சொல்லவில்லை, கவினின் தலையைத் தன் மடியில் அமுக்கிக்கொண்டார். எந்த நேரத்தில் அப்பா பிரேக்கிலிருந்து காலை எடுத்தார் என்று தெரியவில்லை. ஸ்டியரிங்கை நேராகப் பிடித்தபடி இருந்தார். வேகம் தானாக இறங்கியது, ஆட்டமும் மெல்ல நின்றது.

ஓரமாக நிறுத்தினோம். பின்னால் வந்த ஒரு லாரி ஓட்டுநர் இறங்கி ஓடிவந்து, “பாய், ஸப் டீக்?” என்று இந்தியில் நலம் விசாரித்தார்.

“டீக் ஹே, டீக் ஹே” என்றார் அப்பா. ஸ்டியரிங்கை இன்னும் விடவில்லை.

கடற்கரையில் கழித்த இரண்டு நாளும் நன்றாகத்தான் இருந்தன. கேரவன் நிறுத்த அனுமதி எல்லா இடத்திலும் இல்லை, முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். சித்தப்பா போனில் அழைத்தார். கேரவன் வாங்கியதிலிருந்தே அவருக்கு அப்பாவைக் கிண்டல் செய்வதுதான் வேலை.

“என்னண்ணே, உங்க நடமாடும் பங்களா கோபார் வரைக்கும் வருமா, இல்ல நானே வந்து இழுத்துட்டுப் போகணுமா?”

“வெண்ணெய் மாதிரி வருதுடா” என்றார் அப்பா. போனை வைத்துவிட்டு எங்களைப் பார்த்தார். “காத்து அதிகம், அவ்வளவுதான். இதைப் போய் யார்ட்டயும் சொல்லிட்டு இருக்காதீங்க.”

திரும்பும் நாளில் காற்று இன்னும் பலமாக இருந்தது. சாலையின் குறுக்கே மணல் பாம்பு போல ஓடியது. நான் வழியெல்லாம் கதவின் கைப்பிடியைப் பிடித்திருந்தேன். லாரிகள் தாண்டின. கேரவன் ஆடவே இல்லை. “பாத்தியா, அப்பாவுக்குக் கை பழகிருச்சு” என்றார் அப்பா.

எனக்கு அது சரியாகப் படவில்லை. அதே கை, அதே வண்டி, கூடுதல் காற்று. மாறியது ஒன்றுதான்: தண்ணீர் கேன்கள் காலி, அரிசியும் மாவும் தீர்ந்துவிட்டன. வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன். கேரவனின் மொத்த எடையில் பத்திலிருந்து பதினைந்து சதவீதம் முன்னால், பிக்கப்பின் கொக்கி மேல் இறங்க வேண்டுமாம். பின்மூலையில் பாரம் ஏற்றினால் முன்பக்கம் லேசாகிவிடும். பிறகு சின்னக் காற்று பட்டாலும் வால் ஆடும், வேகம் கூடக் கூட ஆட்டமும் கூடும்.

காரணம் தெரிந்ததும் பயம் இரட்டிப்பானது. கோபார் பயணத்துக்கு அம்மா இன்னும் பெரிய மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். சொன்னால், அம்மாவின் சமையலறைதான் எங்களைக் கொல்லப் பார்த்தது என்று ஆகிவிடும். சொல்லாவிட்டால், சவூதி நெடுஞ்சாலையில் மறுபடி அந்த வெள்ளைச் சுவர். நான்கு நாள் வாயைத் திறக்கவில்லை. ஐந்தாம் நாள் பால்கனியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அம்மாவிடம் சொல்லிவிட்டேன்.

அம்மா கையிலிருந்த துண்டைக் கொடியில் போட்டுவிட்டுத் திரும்பினார். “அப்போ நான் வச்ச சாமான்தான் ஆட்டுச்சா?”

“நீ மட்டும் இல்லம்மா. ஸ்பீடும்தான். பிரேக் போட்டதும்தான்.”

“அதை ஏன்டி நாலு நாளா முழுங்கிட்டுத் திரியுற?” என்று நேராக அப்பாவிடம் போனார். “ஏங்க, காத்தும் இல்ல, கையும் இல்ல. என் கிரைண்டரும் உங்க நூறும்தான். வாங்க, எடை போட்டுப் பாத்துரலாம்.”

அப்பா கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் சோபாவில் அப்படியே உட்கார்ந்திருந்தார். “தினமும் கேரவன் மாட்டாம ஷார்ஜா ரோட்ல ஆபீஸ் போறப்பவே பின்னாடி ஏதோ ஆடுற மாதிரி இருக்கு” என்றார். “கேன்சல் பண்ணிரலாம்னுகூட நெனச்சேன். உங்க சித்தப்பன் சிரிப்பானேன்னு...”

“சிரிக்கட்டும். உசுரோட இருந்து கேட்டுக்கலாம்” என்றார் அம்மா.

எடை போடுவது சுலபம். சமதளத்தில் கேரவனை நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, முன்கொக்கியை மரக்கட்டை வைத்த, உடல் எடை பார்க்கும் கருவி மேல் மெதுவாக இறக்க வேண்டும். எங்கள் கேரவன் சாமானோடு 1,300 கிலோ. பழையபடி அடுக்கியபோது முன்னால் இறங்கியது 55 கிலோ. கிரைண்டரையும் அரிசியையும் பிக்கப்பில், தண்ணீரைக் கேரவன் சக்கரங்களுக்கு நேர் மேலே தரையில் வைத்ததும் 140. கிரைண்டருக்குப் பிக்கப்பில் இருந்த ஒரே இடம் ஐஸ் பெட்டிக்குப் பக்கம்தான். அப்பா தயங்கினார். “வைங்க, கழுவிக்கலாம்” என்றார் அம்மா.

உங்களுக்கும் நான் சொல்வது இதுதான். பாரத்தைச் சக்கரத்துக்கு மேலும் சற்று முன்னாலும், தரையோடு வையுங்கள். உங்கள் எடைக்கருவியும் பிக்கப்பின் கொக்கியும் எவ்வளவு தாங்கும் என்று முதலில் பாருங்கள். டயர் காற்றைக் கிளம்பும் அன்று சோதியுங்கள். ஆட்டத்தைத் தடுக்கும் கம்பி கடையில் கிடைக்கிறது, நாங்கள் 450 திர்ஹம் கொடுத்தோம். ஆனால் தவறாக அடுக்கியதை அது சரிசெய்யாது. எண்பதைத் தாண்டாதீர்கள், இறக்கத்தில் இன்னும் குறைவு. ஆடத் தொடங்கினால் பிரேக்கை அழுத்தாமல், ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் திருப்பாமல், ஆக்சிலேட்டரை மட்டும் விடுங்கள். கேரவனுக்குத் தனி பிரேக் இருந்தால் அதை மட்டும் மெல்லப் போடுங்கள். எல்லையில் கேட்கும் காப்பீட்டுத் தாள்களைப் பற்றி முன்பே விசாரியுங்கள்.

எடை போட்ட அன்று மாலையே உம் அல் குவைன் வரை ஓட்டிப் பார்த்தோம். லாரிகள் தாண்டின, கேரவன் நேராக வந்தது. என் கை மட்டும் கைப்பிடியை விடவில்லை. கண்ணாடியில் அதைப் பார்த்த அப்பா, “சனிக்கிழமை நீ முன்னாடி உக்காரு. பயமா இருந்தா ‘மெதுவா’ன்னு சொல்லு. ஏன்னு கேக்க மாட்டேன்” என்றார். “அப்போ பத்து நிமிஷத்துக்கு ஒருக்கா சொல்லுவா, கோபார் போய்ச் சேர பொங்கல் வந்துரும்” என்றான் கவின்.

வரட்டும். நான் சொல்லத்தான் போகிறேன்.