மஞ்சளும் ராணி கலரும்

ஒருவருடைய முகத்தை நான் தெரிந்தே அழித்தேன். அச்சிடும்போது தவறிவிட்டது என்று பலரிடம் சொல்லியிருக்கிறேன். அது பொய்.

அவர் எங்கள் கல்லூரி வேதியியல் ஆய்வகத்தில் உதவியாளர், நான் விரிவுரையாளர். ஓய்வுபெற்ற பிறகும் தினமும் சாயங்காலம் குளக்கரை டீக்கடையில் சந்திப்போம். ஊரில் எல்லோரும் என்னை "வாங்க சார்" என்பார்கள். அவர் மட்டும் "வா சார், டீ சொல்லிட்டேன்" என்பார்.

வீட்டின் பின்னறையை இருட்டறையாக்கி, பழைய முறையில் கருப்பு வெள்ளைப் படங்கள் அச்சிடுவது என் பொழுதுபோக்கு. நெசவாளர்கள் நிறைந்த எங்கள் பிள்ளையார்பாளையத்தில் அதற்கு ஒரு தொல்லை உண்டு. பக்கத்து வீட்டுத் தறியின் ஒவ்வொரு அடிக்கும், நெகடிவைப் பெரிதாக்கித் தாளில் விழவைக்கும் என் உருப்பெருக்கி நடுங்கும், படம் கலங்கிவிடும். அதனால் தறி ஓடாத அமாவாசையன்று மட்டும் அச்சிடுவேன்.

உருப்பெருக்கியின் விளக்கடியில் ஒரு வண்ண ஃபில்டரைச் செருகினால் ஒரே நெகடிவ் வேறு படமாகிவிடும். மஞ்சள் போட்டால் கருப்புக்கும் வெள்ளைக்கும் நடுவே சாம்பல் நிறங்கள் நிறைய வரும். சேலைக் கடைகளில் ராணி கலர் என்கிறார்களே, அந்த நிறத்தைப் போட்டால் நடுவில் இருப்பதெல்லாம் போய்விடும். கருப்பும் வெள்ளையும்தான் மிஞ்சும்.

மத்தியான வெயிலில் அவரை ஒரு படம் எடுத்திருந்தேன். நல்ல கருப்பு நிறம். நீலம் போட்டு வெளுத்த வெள்ளைச் சட்டை. முதலில் மஞ்சளில் அச்சிட்டேன். கன்னத்து அம்மைத் தழும்பு, கோணல் சிரிப்பு எல்லாம் வந்தன. ஆனால் படம் சாதாரணமாக இருந்தது. ராணி கலரைச் செருகினேன். சட்டை பளீரென்று நின்றது. முகம் இருந்த இடத்தில் இரண்டு கண்வெள்ளைகள். அதைத்தான் கண்காட்சிக்குக் கொடுத்தேன். அவரிடம் காட்டாமல், நேரில் வந்து பார்க்கச் சொன்னேன்.

வந்தார். படத்தின் முன் நாங்கள் நின்றபோது பக்கத்தில் ஒருவர், படத்தில் இருப்பவரே அங்கே நிற்பதைக் கவனிக்காமல், "இன்னாபா, படம் எடுக்க சொல்ல கரண்ட் போயிடுச்சா?" என்றார். நான் சிரித்துவிட்டேன். ஏன் சிரித்தேன் என்று இன்றும் புரியவில்லை. நண்பர் என்னைத் திரும்பிப் பார்த்தார். மறுநாள் டீக்கடைக்கு வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை.

மஞ்சளில் அச்சிட்ட படத்தை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி வாங்கிப் பார்த்தார். "மூஞ்சி நல்லா இருக்குது. சட்டை இன்னா இப்படி அழுக்கா இருக்குது? நான் துவைக்கலையா?" என்றார். வெள்ளை அதில் சாம்பலாகியிருந்தது உண்மைதான்.

நண்பரோ வேறொன்று கேட்டார்.

"இத இப்போதான் போட்டீங்களா?"

"இல்லை. முதலில் போட்டதே இதுதான்."

"அப்போ மூஞ்சி தெரியற படத்தைக் கையில வெச்சிக்கினு, தெரியாததை அங்க மாட்டி வெச்சீங்க."

அழகுக்காக என்று சொல்ல வாயெடுத்தேன். யாருக்கு அழகு என்று எனக்கே தெரியாததால் கிளம்பிவிட்டேன்.

அடுத்த அமாவாசைக்கு ஒரே தாளில் இரண்டு முறை ஒளி கொடுத்தேன்: முதலில் மஞ்சள், பிறகு கொஞ்ச நேரம் ராணி கலர். பதினொரு தாள்கள் வீணாயின. பன்னிரண்டாவதில் முகமும் இருந்தது, சட்டையும் வெளுப்பாக இருந்தது. இந்த வித்தை எனக்கு முன்பே தெரியும். அன்று செய்யத் தோன்றவில்லை.

சட்டம் போட்டுக் கொடுத்து, மன்னிப்பும் கேட்டேன். "நல்லா வந்துக்குதுங்க சார்" என்று வாங்கிக்கொண்டார். கூடத்துச் சுவரில் மாட்டியிருக்கிறார்கள். வருகிறவர்களிடம் அவர் மனைவி, சார் எடுத்துக் கொடுத்த படம் என்று பெருமையாகச் சொல்கிறாராம். அப்படியென்றால் மன்னித்துவிட்டார்களா? எனக்குப் பிடிபடவில்லை.

டீக்கடைக்கு மறுபடியும் வருகிறார். என்னைக் கண்டதும் பெஞ்சில் நகர்ந்து இடம் விடுகிறார்.

"வாங்க சார், உக்காருங்க" என்கிறார்.