ஈரமான காகிதக் குச்சி

பல் சிகிச்சைக்கு வருகிறவரின் வாயில் ரப்பர் தாளை மாட்டுவதற்கு முன் அக்கா பஞ்சுக் குச்சியின் நுனியில் ஒரு பயறு அளவு வாஸ்லின் எடுப்பார். முதலில் இடது கடைவாய், அடுத்து வலது, கடைசியில் கீழுதட்டின் குறுக்கே ஒரே இழுப்பு. ஒரு மணி நேரம் திறந்தே கிடக்கும் வாயின் ஓரங்கள் வெடித்துவிடக் கூடாது என்பதற்காக. இதைச் செய்யும்போது அவருடைய வாயும் தன்னையறியாமல் திறந்துகொள்ளும், குழந்தைக்கு ஊட்டும் பெண்களுக்கு ஆவதுபோல. முகமூடி அரை விரல் கீழே இறங்குவதை வைத்துத்தான் அதைக் கண்டுபிடிக்க முடியும்.

"உங்களுக்கும் சேர்த்தே பண்ணிடவா?" என்பார் டாக்டர்.

"என் பல்லுக்கு என்ன குறை? உங்க கண்ணு படாம இருந்தா சரி."

நான் பல் கேப் செய்யும் லேபில் வேலை பார்க்கிறேன். வாரத்தில் மூன்று நாள் அந்த கிளினிக்குக்குப் போய், எடுத்து வைத்திருக்கும் பல் அச்சுகளில் பிளாஸ்டர் மாவு கரைத்து ஊற்றி, அது இறுகும்வரை சிகிச்சை அறையின் மூலையில் காத்திருப்பேன். முக்கால் மணி நேரம் யாரோடும் பேசவேண்டியதில்லை. "லேப் தம்பி வந்தா செவுத்துல காலண்டர் மாட்டின மாதிரி. சத்தமே இல்லாம தொங்கிட்டிருக்கு" என்று அக்கா என்னைக் கிண்டல் செய்வார். காலண்டருக்கு எல்லாம் தெரியும் என்பதை அவர் யோசித்ததில்லை.

அக்காவுக்கு நாற்பத்தெட்டு வயது. இருபத்து மூன்று வருடமாக அதே டாக்டருக்கு உதவியாளர். எச்சில் உறிஞ்சும் குழாய் இடது கையில், எடுத்துக் கொடுக்க வேண்டியவை வலது கையில். டாக்டர் உள்ளங்கையை விரித்தால் போதும், கேட்க நினைத்த கருவி அதில் இருக்கும். ரூட் கேனால் என்றதும் முகம் வெளிறிப்போகிறவர்களுக்கு விளக்கம் சொல்வதும் அக்காதான். "பல்லுக்குள்ள நூல் போற மாதிரி வழி இருக்கு. அதுல கெட்டுப் போனதை எடுத்துட்டு, கழுவி, காயவெச்சு, அடைச்சிடுவோம். அவ்வளவுதான். காயாம மட்டும் அடைக்கக் கூடாது. அடைச்சா உள்ளேயே மறுபடியும் கெடும்."

காய்ந்துவிட்டதா என்று பார்ப்பதற்கு ஊசியைவிட மெல்லிய காகிதக் குச்சிகள் உண்டு. உள்ளே விட்டு எடுத்தால் நுனி வெள்ளையாக, மொறுமொறுப்பாக வரவேண்டும். ஈரத்தோடு வந்தால் அன்றைக்கு அடைக்க மாட்டார்கள். மருந்து வைத்து, மேலே தற்காலிகமாக மூடி, ஒரு வாரம் கழித்து வரச்சொல்வார்கள்.

அக்காவுக்கு ஒரே மகள். மகளுக்கு ஆறு வயதிருக்கும்போதே கணவர் இறந்துவிட்டார். பள்ளி விட்டதும் அந்தப் பெண் கிளினிக்குக்கு வந்து, காத்திருப்போர் பெஞ்சில் வீட்டுப்பாடம் எழுதி, தூக்கிப்போட வைத்திருக்கும் மாவுப் பற்களை வரிசையாக அடுக்கி அவற்றுக்கே பாடம் நடத்தி வளர்ந்தவள். கல்யாணமாகிப் போனாள். பிரசவம் சொன்ன தேதிக்குப் பத்து நாள் முன்னதாகவே நடந்துவிட்டது. அது கிளினிக் புது இடத்துக்கு மாறிய வாரம். டாக்டருக்கு வேறு ஆள் இல்லை. "ரெண்டு நாள்ல வந்துடறேன்டி" என்று போனில் சொன்ன அக்கா, ஒன்பதாவது நாள்தான் போய்ச் சேர்ந்தார். மகள் குழந்தையைக் கையில் கொடுத்தாள். அதோடு ஒன்றையும் சொன்னாள்: "ஊரான் வாயெல்லாம் பார்த்து முடிச்சிட்டியாம்மா?"

அக்கா அதற்கு ஏதோ பதில் சொன்னார். என்ன சொன்னேன் என்பதை மட்டும் அவர் யாரிடமும் சொன்னதில்லை. அதன் பிறகு போன் இல்லை. வீடு மாறிப் போனார்கள், புது விலாசமும் வரவில்லை. இரண்டு வருடம். யாராவது குழந்தையோடு வந்தால் அக்கா அதன் வயதைக் கேட்பார். "எங்க பேத்திக்கும் இதே வயசுதான்" என்பார், தினமும் பார்க்கிறவர்போல.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, அன்று வரவேண்டியவர்களின் பட்டியலில் மகளின் பெயர் இருந்தது. வரவேற்பில் இருக்கும் பெண் புதியவள். அவளுக்கு அது யாரோ ஒரு நோயாளி. "பதினொன்றரைக்கு ஒரு ரூட் கேனால்க்கா, கீழ் இடது கடைவாய்ப்பல்" என்றாள். அக்கா பட்டியலை வாங்கிப் பார்த்தார். பிறகு அன்றைக்கு வேண்டாத கருவிகளையெல்லாம்கூட எடுத்துக் கழுவினார்.

மகள் வந்தாள். டாக்டருக்கு மட்டும் வணக்கம் சொல்லி நாற்காலியில் சாய்ந்தாள். டாக்டர் இருவரையும் பார்த்துவிட்டு, "எந்தப் பல்?" என்று, தெரிந்ததையே கேட்டார். அக்கா பஞ்சுக் குச்சியை எடுத்தார். இடது கடைவாய், வலது கடைவாய். அன்றைக்கு முகமூடி இறங்கவில்லை. பற்களை இறுகக் கடித்திருந்தார் என்று நினைக்கிறேன். மகள் கூரையில் இருந்த விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ரப்பர் தாளை மாட்டியதும் வாய் மறைந்துவிடும். ஓட்டை வழியாக அந்த ஒரு பல் மட்டும் வெளியே நிற்கும். பேச முடியாது. ஒரு மணி நேரம் அக்கா மகளின் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தார். இருவரும் பேசாமல் இருப்பதற்கு ஒரு நியாயமான காரணமும் இருந்தது. டாக்டர் பல்லுக்குள் இருக்கும் மூன்று வழிகளின் நீளம் சொன்னார்: "இருபத்தொண்ணு. இருபத்தொண்ணு. இருபது." அக்கா சின்ன அளவுகோலில் வைத்து ஒவ்வொரு கம்பியின் ரப்பர் வளையத்தையும் நகர்த்திக் கொடுத்தார். நெருங்கிய இருவர் பேசிக்கொள்ளாத அறையில் எண்கள் மட்டும் கேட்கும்போது, யாரோ தூரத்தைச் சொல்லிக்கொண்டிருப்பதுபோல் எனக்குத் தோன்றியது.

முடிந்ததும் மகள் வாய் கொப்பளித்தாள். "அடுத்த செவ்வாய்தானே டாக்டர்?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

அந்த வாரம் அக்கா என்னிடம் வழக்கத்துக்கு மாறாக நிறையப் பேசினார். "இளைச்சுட்டா. பார்த்தியா நீ? கழுத்தெலும்பு தெரியுது." நான் தலையாட்டினேன். "அடுத்த வாரம் ஏதாவது பேசுவா. வாய் மரத்திருந்தா எப்படிப் பேசுவா, பாவம்."

அடுத்த செவ்வாயும் மகள் பேசவில்லை. டாக்டர் கழுவி, காகிதக் குச்சி கேட்டார். முதல் வழி, காய்ந்திருந்தது. இரண்டாவது, காய்ந்திருந்தது. "சூப்பர். இன்னிக்கே அடைச்சு முடிச்சிடலாம்" என்றார், மகளிடம்.

அப்போதுதான் அதைப் பார்த்தேன். மூன்றாவது குச்சியை எடுத்த அக்காவின் கை, டாக்டரின் உள்ளங்கைக்குப் போவதற்கு முன், உப்புநீர்க் கிண்ணத்தில் குச்சியின் நுனியை ஒருமுறை தொட்டுவிட்டுப் போனது. ஒரு நொடிகூட இல்லை. டாக்டர் அந்தக் குச்சியை விட்டு எடுத்தார். நுனி நனைந்து வளைந்திருந்தது.

"அடடா. இதுல இன்னும் ஈரம் இருக்கே. ஒரு வாரம் மருந்து வெச்சுப் பார்ப்போம்மா. அவசரப்பட வேண்டாம்."

அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை. நானும் மாவைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இன்னும் ஒரு செவ்வாய் கிடைத்துவிட்டது, யாருக்கு என்ன நஷ்டம் என்றுதான் அப்போது நினைத்தேன்.

நஷ்டம் மகளுக்குத்தான். சனிக்கிழமை தற்காலிக அடைப்பின் ஓரம் பெயர்ந்துவிட்டது. திங்கட்கிழமை காலை, கதவு திறக்கும் முன்பே, வீங்கிய கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அவள் வாசலில் நின்றாள். இடது கண் பாதி மூடியிருந்தது. டாக்டர் உட்காரவைத்து, ரப்பர் தாளை மாட்டி, பல்லைத் திறந்தார்.

"புரியலையே. ரெண்டு வழி நல்லாக் காய்ஞ்சிருந்துச்சு. இது ஒண்ணுல மட்டும் எப்படி..."

"அது காய்ஞ்சுதான் டாக்டர் இருந்துச்சு."

அக்கா குழாயை எடுக்காமலே சொன்னார். குரல் சாதாரணமாக இருந்தது, கருவியின் பெயரைச் சொல்வதுபோல.

"குச்சியை நான்தான் தண்ணில தொட்டுக் குடுத்தேன். முடிச்சிட்டா இவ அப்புறம் வரமாட்டாளேன்னு."

டாக்டரின் கை நின்றது. குழாய் மட்டும் உறிஞ்சிக்கொண்டிருந்தது. மகளால் பேச முடியாது, திரும்பவும் முடியாது. கண் மட்டும் விளக்கிலிருந்து விலகி அம்மாவிடம் வந்தது, வீங்காத கண். டாக்டர் இருமினார். "கழுவுற மருந்து குடுங்க" என்றார் மெதுவாக. அக்கா கொடுத்தார்.

வெளியே வந்ததும் டாக்டர், "இன்னொரு தடவை இந்த மாதிரி பண்ணினா உங்களை வேலையை விட்டு அனுப்பறதைத் தவிர எனக்கு வழியில்லை" என்றார். "பண்ண மாட்டேன்" என்றார் அக்கா.

அடுத்த வாரம் வீக்கம் வற்றி, மூன்று குச்சியும் காய்ந்து வந்தன. டாக்டர் மூன்றையும் தானே டப்பாவிலிருந்து எடுத்துக்கொண்டார். ரப்பர் போன்ற இளஞ்சிவப்பு இழைகளை மருந்தில் தோய்த்து உள்ளே இறக்கி, சுடவைத்த கம்பியால் தலையை வெட்டி, அமுக்கி மூடினார். எக்ஸ்ரேயில் மூன்று வெள்ளைக் கோடுகள் வேரின் நுனிவரை விடாமல் போயின.

மகள் எழுந்து பையை எடுத்தாள். கதவருகே நின்று டாக்டரிடம், "பாப்பாவுக்கு ரெண்டு வயசாகுது, கடைசிக் கடைவாய்ப்பல் இன்னும் வரலை. பரவாயில்லையா?" என்றாள்.

"அதெல்லாம் உங்க அம்மா டிபார்ட்மென்ட்" என்று அவர் கை கழுவப் போய்விட்டார்.

"ரெண்டரை வரைக்கும்கூட வரும்" என்றார் அக்கா. "ஈறு தடிச்சிருக்கான்னு விரல் வெச்சுப் பாரு. கடிச்சா கடிக்கட்டும்."

"கடிக்கிறா."

"அப்போ வந்துடும்."

அடைத்த பல்லின் மேல் மாட்டும் கேப்பை நான்தான் செய்தேன். அதைப் பொருத்திக்கொள்ளவும் வந்தாள். அன்றைக்கும் அவ்வளவுதான் பேச்சு. அதன் பிறகு அந்தப் பல்லுக்காக வரவேண்டிய வேலை எதுவும் இல்லை. ஐந்து மாதமாக அக்கா தினமும் காலையில் பட்டியலை மேலிருந்து கீழ்வரை படிக்கிறார். சில நாள் இரண்டு முறை. "நல்லாத்தான் அடைச்சார் டாக்டர்" என்றார் ஒருநாள், குறை சொல்வதுபோல.

போன மாதம் எங்கள் லேபுக்கு ஊரின் மறுகோடியிலிருந்து, இதுவரை எங்களுக்கு வேலை தராத ஒரு கிளினிக்கின் வேலை வந்தது. முதல் கேப்புகளைக் கொடுக்க நானே போனேன். ஒரு வீட்டின் கீழ்த்தளத்தில் அந்த கிளினிக். டாக்டரம்மா ரசீதில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது, மாடிப்படியில் ஒரு குழந்தையை ஒவ்வொரு படியாக எண்ணச்சொல்லி இறக்கிக்கொண்டு வந்தாள் அக்காவின் மகள். என்னைக் கவனிக்கவில்லை. தெருவில் இறங்கிப் போனாள்.

எனக்கு எப்படித் தைரியம் வந்ததோ, "அவங்க உங்க பேஷன்டா?" என்று கேட்டுவிட்டேன்.

"மாடியில ரெண்டு வருஷமா குடியிருக்கு அந்தப் பொண்ணு. அதை ஏன் கேக்கறீங்க" என்றார் டாக்டரம்மா. "அஞ்சு மாசம் முன்ன பல் வலியில துடிச்சா. நானே மேல போய், இறங்கி வாம்மா, ஒரே நாள்ல முடிச்சுத் தர்றேன், குடியிருக்கிற பொண்ணுகிட்ட காசா வாங்கப்போறேன்னேன். மாட்டேன்னுட்டா. நாலு நாள் வலியைப் பொறுத்துக்கிட்டு, ரெண்டு பஸ் மாறி எங்கேயோ போய்ப் பண்ணிக்கிட்டா."