சலோமி போட்ட படம்

செல்வநாதன் இறந்த மூன்றாம் மாதம், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தேழில், அவனுடைய தையல் மெஷின் ரிப்பேர் கடையைச் சலோமி மறுபடி திறந்தாள். பத்து வருஷம் புருஷன் பக்கத்தில் உட்கார்ந்து திருப்புளி எடுத்துக் கொடுத்தவள், வேலை தெரியும். ஆனால் காரைக்கால் கடைத்தெருவில் பெண்பிள்ளை கையில் மெஷினைக் கொடுக்க ஆட்கள் தயங்கினார்கள். காலையில் திறப்பாள், சாயங்காலம் பூட்டுவாள். சில நாள் யாரோடும் ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டாள்.

ஐப்பசி மழையில் கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தபோது, பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் படம் போட ஆரம்பித்தாள். தெருக்களைக் கோடாக இழுத்தாள். செல்வநாதன் போய்வந்த வீடுகளையும் அவன் சொல்லக் கேட்ட வீடுகளையும் ஞாபகப்படுத்திக்கொண்டு, மெஷின் இருக்கிற வீட்டுக்கெல்லாம் சிவப்புப் புள்ளி வைத்தாள். ஆண்கள் வெளிநாட்டில் இருக்கிற வீடென்றால் புள்ளியைச் சுற்றி ஒரு வட்டம். காரைக்காலில் புள்ளிகள் சிதறிக் கிடந்தன. தெற்கே திருமலைராயன்பட்டினத்தில் நாலே தெருவில் முப்பதுக்கு மேல். பாதிக்கு மேல் வட்டம் போட்டவை. ஆண் மெக்கானிக்கை உள்ளே கூப்பிடக் கூசுகிற வீடுகள். மெஷினைத் தூக்கிவர ஆளில்லாத வீடுகள்.

அந்த மாதமே கடையைக் காலி செய்தாள். பட்டினத்தில் ஓர் அறை பிடித்து, கருவிப் பையோடு வீடு வீடாகப் போனாள். ஒரு நாளைக்கு ஒரு தெரு, வெள்ளிக்கிழமை பக்கத்து ஊரான போலகம். போய்வந்த ஒவ்வொரு தடவைக்கும் புள்ளி பக்கத்தில் பென்சிலால் ஒரு கீறல். கீறல் கூடிய தெருவுக்குப் பெல்ட்டும் பாபினும் கூடுதலாக எடுத்துப் போவாள். வருஷம் முழுக்கக் கீறல் விழாத தெருவை விட்டுவிடுவாள். தொழில் நிலைத்துவிட்டது. ராத்திரிச் சோறு மட்டும் ஒற்றை ஆளுக்குத்தான்.

எண்பத்தொன்றில் படத்தைப் புதுத் தாளில் எழுதும்போது ஒரு வீடு கண்ணில் பட்டது. மெஹர் பானு வீடு. எட்டு மாதத்தில் பத்தொன்பது கீறல். அதுவோ புது மெஷின். கடைசி நாலு தடவையும் ஒரே கோளாறு, ஷட்டிலில் நூல் சிக்கல்.

அடுத்த முறை சிக்கலைப் பிரித்துக் கையில் வைத்துக்கொண்டே சலோமி கேட்டாள்:

"பானும்மா, இத நீங்களே சுத்திவிட்டீங்களா?"

மெஹர் பானு தலை குனிந்துகொண்டாள். சிங்கப்பூரில் இருக்கிற புருஷன் கடைசியாக ஊருக்கு வந்துபோய் மூன்று வருஷம் ஆகியிருந்தது.

"வேற என்ன சொல்லி ஒங்கள வரச் சொல்றது, அக்கா?"

சலோமி நூல் சிக்கலை மடியில் போட்டாள்.

"சும்மாவே வரச் சொல்லலாம்" என்றாள். "எனக்கு மட்டும் வீட்டுல யாரு இருக்கா?"

படத்திலிருந்து அந்தப் புள்ளியை அழித்தாள். அது இனி வாடிக்கை வீடு இல்லை. வியாழக்கிழமை சாயங்காலங்களில் பை இல்லாமல் போனாள். டீ குடித்தார்கள், பேசினார்கள், பேசாமலும் இருந்தார்கள்.

எண்பத்தைந்தில் புருஷன் கூப்பிட, மெஹர் பானு சிங்கப்பூர் போய்விட்டாள். வீட்டைப் பூட்டிவிட்டார்கள். பக்கத்துத் தெருவில் அப்போது புதிதாக ஆறு மெஷின் வந்திருந்தது. வியாழன் சாயங்காலத்தை அதற்கு ஒதுக்கினால் சரியாக இருக்கும் என்று படம் காட்டியது. சலோமி ஒதுக்கவில்லை. பல மாதம் அந்த நேரத்தில் அறையிலேயே டீ போட்டுக் குடித்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தாள்.