வெர்னா கோஸ்கி டைப் அடித்த கண் நிறம்

எங்கள் ஊர் கோல்பி ஹார்பரில் மேயருக்கு வருவதைவிட அதிகமாகக் கடிதம் வந்தது வெர்னா கோஸ்கிக்குத்தான். இருபத்தெட்டு வருஷம் அந்தத் தெருவில் தபால் கொடுத்தவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன். பாதிக் கடிதங்கள் அவளைப் பொய்க்காரி என்று திட்டின. மீதிப் பாதி, செத்துப்போன ஒரு பாடகனை உயிரோடு பார்த்ததாகச் சொல்லின. இரண்டுக்குமே காரணம், அவள் ஒரு ஃபாரத்தில் தப்பாக டைப் அடித்த ஒரே ஒரு வார்த்தை.

வெர்னா மாவட்ட மரண விசாரணை அலுவலகத்தில் டைப்பிஸ்ட். கல்யாணம் ஆகவில்லை, அதைப் பற்றி யாரும் கேட்கவும் துணியவில்லை. ஓட்டலுக்குப் போனால் என்ன சாப்பிடுவது என்று பார்ப்பதற்கு முன் மெனு அட்டையில் எழுத்துப்பிழைகளைப் பென்சிலால் திருத்திவிடுவாள். எங்கள் சர்ச்சில் அறிவிப்பு ஒட்டுகிறவர்கள் அவளிடம் காட்டிவிட்டுத்தான் ஒட்டினார்கள். அப்படிப்பட்டவள்.

1991 நவம்பரில் கேலன் ஸ்ட்ராட் செத்தான். ராக் பாடகன். எங்கள் ஊரிலிருந்து ஐம்பது மைலில் பிறந்தவன். இருபத்தொன்பது வயதுக்குள் நாடு முழுக்கப் பேர் வாங்கியவன். அம்மாவைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது மழையில் கார் பாலத்தின் தடுப்பை உடைத்துக்கொண்டு ஆற்றில் விழுந்தது. மூன்றாம் நாள் உடல் கிடைத்தது. அம்மா வந்து அடையாளம் காட்டினாள். எரித்துச் சாம்பலைக் கடலில் கரைத்தார்கள். விசாரணை அறிக்கை மொத்தம் இரண்டு பக்கம்.

அந்த வாரம் வெர்னா ஏழு பேருக்கு ஃபாரம் அடித்தாள். நாலாவது, கூரையிலிருந்து விழுந்த ஒரு மரவெட்டி. அவருக்குப் பழுப்புக் கண். ஐந்தாவது கேலன். குறிப்பில் நீலம் என்று தெளிவாக இருந்தது. அவள் விரல் முந்தின ஃபாரத்திலேயே நின்றுவிட்டது. ‘கண்: பழுப்பு’ என்று அடித்துவிட்டாள்.

வேறு யாராக இருந்தாலும் இது மண்ணோடு போயிருக்கும். கேலனின் முதல் இசைத்தட்டின் உறையில் அவன் கண்கள் மட்டும்தான் இருந்தன. வெளிறிய நீலம். நாட்டில் பாதிப் பிள்ளைகளின் படுக்கையறைச் சுவரில் அந்தக் கண்கள் ஒட்டப்பட்டிருந்தன.

அந்தக் காலத்தில் எங்கள் மாவட்டத்தில் யார் கேட்டாலும் அறிக்கையின் நகல் கொடுப்பார்கள். ஜனவரியில் வெண்டல் டில்பி என்ற ஃப்ரிட்ஜ் மெக்கானிக் ஆரிகனிலிருந்து காரோட்டி வந்து ஒரு நகல் வாங்கிப்போனார். அவர் ஓய்வு நேரத்தில் கேலன் ரசிகர்களுக்காக ஒரு சிறுபத்திரிகை நடத்திவந்தார். பிப்ரவரி இதழின் அட்டையில் கொட்டை எழுத்தில், ‘கண் பழுப்பு. அப்படியென்றால் அந்தப் பிணம் யார்?’

யாரோ அதை வெர்னாவிடம் கொண்டுவந்து காட்டினார்கள். அவள் கோப்பை எடுத்துக் குறிப்போடு ஒத்துப்பார்த்தாள். நேரே அதிகாரியின் அறைக்குப் போனாள்.

“சார், தப்பு என்னோடது. நோட்டுல நீலம்னு இருக்கு. நான் பழுப்புன்னு அடிச்சிருக்கேன்.”

அவர் சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தார். “விட்டுத் தள்ளு வெர்னா. ரெண்டு மாசத்துல வேற எந்தப் பாடகனாவது சாவான். இவங்க அவன் பின்னாடி போயிடுவாங்க.”

“ஃபாரம் தப்பா இருக்கே சார்.”

“சரி, திருத்தி அடிச்சுக் கொண்டா. கையெழுத்துப் போட்டுத் தொலைக்கறேன்.”

திருத்தி அடித்தாள். தேதி போட்டு, தன் பெயர் போட்டு, ‘டைப்பிஸ்டின் பிழை’ என்று காரணமும் போட்டாள். அவள் வாழ்க்கையில் அதைவிடப் பெரிய பிசகு கிடையாது. ஏனென்றால் இப்போது ஃபாரம் இரண்டாகிவிட்டது. ஏப்ரல் இதழில் வெண்டல் இரண்டையும் அருகருகே அச்சடித்தார். ‘மூன்றே மாதத்தில் கண் நிறம் மாறிய பிணம்!’

அப்புறம் நடந்ததை யாராலும் தடுக்க முடியவில்லை. கேலன் மேனேஜரிடமிருந்து தப்பி ஓடிவிட்டான் என்றார்கள். அரசாங்கம் ஒளித்துவைத்திருக்கிறது என்றார்கள். அலாஸ்காவில் மீன்பிடிப் படகில் இருக்கிறான், போர்ச்சுகலில் துறவியாகிவிட்டான். எல்லாக் கதையிலும் வெர்னா இருந்தாள். வாயை மூட அவளுக்குப் பணம் கொடுத்தாயிற்று. ஆதாரம், அந்தக் கோடையில் அவள் வீட்டுக்குப் புதுக் கூரை போட்டாள். கூரை ஒழுகியது, அதனால் போட்டாள். பாதி ஆணியை அடித்தது நான். பத்திரிகையில் வந்த படத்தில் ஏணி மேல் நிற்கிறேன், ‘அடையாளம் தெரியாத நபர்’ என்று கீழே போட்டிருந்தது. அந்தத் தெருவில் நாய்களுக்குக்கூட என்னை அடையாளம் தெரியும்.

ஒவ்வொரு நவம்பரிலும் ரசிகர்கள் மெழுகுவர்த்தியோடு வந்து அவள் வீட்டு வாசலில் நிற்பார்கள். எங்கள் ஊர் மழையில் மெழுகுவர்த்தி எரியாது, சும்மா பிடித்துக்கொண்டு நிற்பார்கள். வெர்னா அவர்களை உள்ளே கூப்பிட்டுத் துண்டு கொடுத்து அதே மூன்று வாக்கியத்தைச் சொல்வாள். குறிப்பில் நீலம். நான் பழுப்பு என்று அடித்தேன். வேறொன்றும் இல்லை.

ஒரு பெண் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, “நீங்க யாருக்குப் பயப்படறீங்க?” என்று கேட்டாள்.

“யாருக்கும் பயப்படலை. விரல் தப்பிடுச்சு, அவ்வளவுதான்.”

“புரியுது. எல்லாமே புரியுது,” என்று அந்தப் பெண் அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

உள்ளூர்க்காரர்களும் சும்மா இல்லை. மதுக்கடையில் ஒருத்தன், “ஏய் வெர்னா, என் மாமியார் ஃபாரத்துல ‘உயிரோட இருக்கா’ன்னு அடிச்சுட்டியா? காலைல வந்து கதவைத் தட்டறா!” என்பான். அவள் ஒருநாளும் சிரித்ததில்லை. “இல்லை, நல்லாப் பார்த்துத்தான் அடிச்சேன்,” என்பாள்.

1997 வசந்தத்தில் ஒரு சனிக்கிழமை காலை நான் கடிதக் கட்டைக் கொடுத்துக்கொண்டிருந்தபோது ஒரு பழைய பிக்கப் வண்டி வந்து நின்றது. எழுபது வயதுக்கு மேல் இருக்கும் ஒரு அம்மா இறங்கினாள். கேலனின் அம்மா, ஓபல் ஸ்ட்ராட். வெர்னாவுக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. என் சட்டைக் கையைப் பிடித்து, “போயிடாதே,” என்றாள்.

“நீதான் அந்த டைப் அடிக்கற பொண்ணா?” என்றாள் ஓபல்.

“ஆமாம்மா. தப்பு என்னோடதுதான். உங்க பையன் கண்ணு நீலம். நோட்டுல சரியாத்தான் இருந்துச்சு, நான்தான்...”

“அவன் கண்ணு என்ன நிறம்னு எனக்கே சொல்றியா? பெத்தவ நான். போர்வையை விலக்கிக் காட்டினப்போ பக்கத்துல நின்னவளும் நான். செத்துட்டான். அதுல எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை.”

“அப்போ என்னம்மா வேணும்?”

“எல்லார்கிட்டயும் தப்பு தப்புன்னு சொல்லிக்கிட்டே இருக்கியாமே. அதைக் கொஞ்சம் நிறுத்தேன்.”

ஓபல் வாசல் நாற்காலியில் உட்கார்ந்து கோட்டுப் பொத்தானைக் கழற்றினாள்.

“எனக்கும் லெட்டர் வருது பொண்ணே. நெவாடால பெட்ரோல் பங்க்ல பார்த்தேன், உடம்பு தேறியிருக்குன்னு ஒருத்தன் எழுதறான். அலாஸ்காலேர்ந்து ஒருத்தி எழுதறா. காலைல முட்டையைப் பொரிச்சு வச்சுக்கிட்டு அதைத்தான் படிக்கறேன். எல்லாம் உளறல்னு தெரியும். ஆனா அவன் செத்தப்போ இருபத்தொம்போது. இவங்க லெட்டர்ல அவனுக்கு இப்போ முப்பத்தஞ்சு. காதோரம் நரைச்சிருக்காம். லேசாத் தொப்பை போட்டிருக்காம். அதை நான் வேற எங்க போய்ப் பார்க்கறது, சொல்லு?”

“நான் பொய் சொல்ல மாட்டேம்மா.”

“யாரு சொல்லச் சொன்னா? வாயை மூடிக்கிட்டு இருன்னுதான் சொல்றேன்.”

பிறகு காப்பி குடித்தாள். தண்ணியாக இருக்கிறது என்று குறை சொன்னாள். போய்விட்டாள்.

அந்த நவம்பரிலிருந்து யார் கேட்டாலும் வெர்னா, “அதைப் பத்தி நான் பேசறதில்லை,” என்றாள். ஆறு வருஷம் உண்மையைச் சொல்லி வந்ததைவிட இந்த ஒரு வாக்கியத்துக்குக் கூட்டமும் கடிதமும் மூன்று மடங்கு கூடின. என் தோள்பட்டை வலி அப்போது ஆரம்பித்ததுதான்.

அவனைப் பார்த்ததாக வந்த கடிதங்களை அவள் ஓபலுக்கு அனுப்பத் தொடங்கினாள். ஓபலுக்குப் பார்வை மங்கிக்கொண்டு வந்ததால் எல்லாவற்றையும் வரிக்கு வரி இடம் விட்டு, புரியாத கையெழுத்தெல்லாம் தெளிவாக, டைப் அடித்தே அனுப்பினாள். அலுவலகத்துக்குக் கம்ப்யூட்டர் வந்தபோது தன் பழைய டைப்ரைட்டரை அவளே கேட்டு வாங்கி வைத்திருந்தாள். எழுத்துப்பிழையைத் திருத்துவாள். வேறு எதிலும் கை வைக்க மாட்டாள்.

1999இல் ஒரு கடிதம் வந்தது. சாக்ரமென்டோ பஸ் நிலையத்தில் கேலனைப் பார்த்ததாக. காலில் செருப்பில்லை, குப்பைத்தொட்டியைக் கிளறிக்கொண்டிருந்தான், சிகரெட் கேட்டான் என்று இருந்தது. மூன்று நாள் அது அவள் சமையலறை மேஜையில் கிடந்தது.

“அனுப்பாம விட்டுடேன்,” என்றேன்.

“வந்ததை அனுப்பாம ஒளிக்கறதும் பொய்தான்.”

“அப்போ அப்படியே அனுப்பு.”

“அதுவும் முடியலை.”

நாலாம் நாள் உட்கார்ந்து அடித்தாள். சாக்ரமென்டோவில் ஒரு செடிக்கடையில் பார்த்ததாக. ரோஜாவுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தான், காலில் நல்ல பூட்ஸ், சிகரெட்டை விட்டுவிட்டானாம். கொலை செய்தவள் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு உறையை என்னிடம் கொடுத்தாள். நானும் அப்படித்தான் வாங்கிக்கொண்டேன்.

ஓபல் இரண்டு வரி பதில் எழுதினாள்: ‘வீட்டில் ஒரு கள்ளிச்செடியைக்கூடக் காயவிட்டவன் அவன். பூட்ஸ் நல்லதாக இருந்தது என்பதில் சந்தோஷம்.’

2006இல் ஓபல் காலமானாள். வெர்னா அடக்கத்தன்று கடைசி வரிசையில் உட்கார்ந்துவிட்டு வந்தாள். அந்த நவம்பரில் வந்தவர்களிடம் பழைய மூன்று வாக்கியத்தை மறுபடி சொன்னாள். ‘டைப்பிஸ்ட் மிரட்டப்பட்டுவிட்டார்’ என்று வெண்டல் எழுதினார். இப்போது பத்திரிகை இல்லை, இணையதளம்.

மறு வருஷம் ஓபலின் மருமகள் முறை உள்ள ஒருத்தி வீட்டுச் சாமான்களை விற்றாள். அதில் ஒரு அட்டைப்பெட்டியை வெண்டல் வாங்கினார். உள்ளே டைப் அடித்த இருநூற்றுப் பதினாலு கடிதங்கள். எல்லாவற்றிலும் ஆங்கில ‘ஆர்’ எழுத்துக்கு ஒரு கால் உடைந்திருந்தது. மரண ஃபாரத்திலும் அதே கால் உடைந்திருந்தது. பதினைந்து வருஷமாக அவர் தேடிய ஆதாரம் கையில் கிடைத்துவிட்டது. கேலன் உயிரோடு இருக்கிறான், அவனுக்கும் அம்மாவுக்கும் நடுவில் தூது போனவள் வெர்னா.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு பட்டப்பகலில் வந்து கதவைத் தட்டினார். தலை முழுக்க நரைத்திருந்தது. நான் வாசலில் கடிதத்தோடு நின்றிருந்தேன். என்னைப் பார்த்ததும், “ஏணி ஆள் நீங்கதானே?” என்றார்.

வெர்னா தர்க்கம் பண்ணவில்லை. அலமாரியைத் திறந்து அசல் கடிதங்களை எடுத்து வைத்தாள். தேதிவாரியாக அடுக்கியிருந்தாள். “ஒத்துப் பார்த்துக்கங்க,” என்றாள்.

மூன்று மணி நேரம் பார்த்தார். முப்பத்தொரு கடிதம் அவரே எழுதியது. தன் கையெழுத்து வரும்போதெல்லாம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கடைசியில் சாக்ரமென்டோ கடிதம் வந்தது. அதுவும் அவருடையதுதான்.

“நான் பஸ் ஸ்டாண்டுன்னு எழுதியிருக்கேன். நீங்க செடிக்கடைன்னு அடிச்சிருக்கீங்க.”

“ஆமா. அது தெரிஞ்சே அடிச்சது. என்னை மன்னிச்சுக்கங்க.”

“ஏன் அப்படிப் பண்ணீங்க?”

“படிக்கப் போறது அவங்கம்மா.”

அவர் காகிதத்தைக் கீழே வைத்தார். “ஆனா அது அவன்தான். கிட்டக்க நின்னு பேசினேன். சிகரெட் குடுத்தேன்.”

கேட்டிருக்கக் கூடாது, வாய் சும்மா இருக்கவில்லை. “கண்ணு என்ன நிறம்?” என்றேன்.

“கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தான்,” என்றார்.

வெர்னா ஓபலின் பதிலை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். இரண்டு வரியை ரொம்ப நேரம் படித்தார். நகல் வேண்டும் என்றார். அவள் அப்போதே உட்கார்ந்து ஒன்று அடித்துக் கொடுத்தாள். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு எழுந்தார்.

“கடைசில கஷ்டப்பட்டாங்களா அந்தம்மா?”

“இல்லை. தூக்கத்துலயே போயிட்டாங்க. மேஜை மேல பாதி படிச்ச லெட்டர் ஒண்ணு இருந்துச்சாம்.”

“என்னோடதா?”

“அலாஸ்காக்காரி எழுதினது.”

அவர் முகம் கொஞ்சம் வாடிவிட்டது. பெட்டியை அவளிடமே விட்டுவிட்டுப் போனார். அதற்குப் பிறகு இரண்டு வருஷம் நான் தினமும் அவருடைய தளத்தைத் திறந்து பார்த்தேன். பெட்டியைப் பற்றியோ டைப்ரைட்டரைப் பற்றியோ ஒரு வரி வரவில்லை. போர்ச்சுகல் துறவியைப் பற்றித்தான் எழுதிக்கொண்டிருந்தார். வெர்னாவிடம் சொன்னேன்.

“எழுத்துப்பிழை இருக்கா?” என்றாள்.

“நிறைய.”

“சொல்லி அனுப்பறேன்,” என்று பென்சிலை எடுத்தாள்.