பேச வைத்த சைக்கிள்

தன் முடிதிருத்தும் கடையில் அவர் வாய் ஓய்ந்து யாரும் பார்த்ததில்லை. கத்தரியை விட நாக்கு வேகம். அப்படிப்பட்டவர், நெஞ்சுவலி வந்து மருத்துவமனையிலிருந்து திரும்பியபின் ஊமையாகிவிட்டார். கொஞ்சம் வேகமாக நடந்தாலோ, நாலு வார்த்தை பேசினாலோ உயிர் போய்விடுமோ என்ற பயம்.

“வீட்டிலேயே தினமும் உடற்பயிற்சி செய்யட்டும்மா. பேசிக்கிட்டே செய்யற வேகம் போதும். மூச்சு வாங்கி பேச்சு நின்னா, குறைச்சுக்கணும்” என்றார் டாக்டர்.

மனைவி அதை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

உடற்பயிற்சிக் கருவிகள் விற்கும் கடையில், விற்பனையாளர் டிரெட்மில்லின் பொத்தான்களை எல்லாம் அழுத்திக் காட்டினார்.

“அதெல்லாம் இருக்கட்டுங்க. இதுல ஏறினா இவர் பேசுவாரா?”

விற்பனையாளர் அவள் கணவரைக் கைபிடித்து ஏற்றிவிட்டார். டிரெட்மில்லில் ஏறியவரோ கைப்பிடியை உடும்பாகப் பிடித்து, உதட்டை இறுக்கிக்கொண்டார்.

“வேணாம், இறங்குங்க” என்றாள்.

அடுத்தது சைக்கிள். தயங்கி உட்கார்ந்து மெல்ல மிதித்தார். இருக்கையைச் சரிசெய்யக் குனிந்த விற்பனையாளரின் தலை அவர் கண்ணில் பட்டது.

“தம்பி, யார்கிட்ட முடி வெட்டினீங்க?”

“ஏன் சார்?”

“பின்னாடி எலி கடிச்ச மாதிரி இருக்கே. இப்படித்தான் ஒரு கல்யாண மாப்பிள்ளை, பாதி மீசையோட நம்ம கடைக்கு ஓடி வந்தான்…”

கதை நீண்டது. கால்களும் நிற்கவில்லை. மூச்சு இரைக்கவில்லை. அவள் கண்கள் நிறைந்து வழிந்தன.

பிடரியைத் தடவியபடி விற்பனையாளர், “இன்னும் ரெண்டு மாடல் இருக்கும்மா” என்றார்.

“வேணாங்க. என் வீட்டுக்காரர் பேசிட்டார்” என்றாள், கடை முழுவதும் கேட்கும்படி. “இதையே கட்டிக் கொடுங்க.”